தேர்வில் தோற்ற பிள்ளையும் நாமகிரித் தாயாரும்!

கும்பகோணம் சாரங்கபாணி கோயிலுக்கு நீங்கள் போயிருக்கக்கூடும். பதினொரு நிலை ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்து வியந்திருப்பீர்கள். தேர் வடிவில் அமைந்த கருவறையில் சயனித்திருக்கும் ஆராவமுதனையும், கோமளவல்லித் தாயாரையும் கண்குளிரச் சேவித்திருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது, தரிசனம் முடிந்ததும் உடனே வண்டி ஏறிவிடாதீர்கள். கோயிலின் சந்நிதித் தெருவில் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். திண்ணை வைத்த பழைய ஓட்டு வீடு ஒன்று கண்ணில் படும்.

அந்த வீட்டுத் திண்ணையில் நூறு வருடங்களுக்கு முன்பு ஓர் இளைஞர் மடியில் சிலேட்டுப் பலகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பலப்பத்தால் எதையோ எழுதுவார், முழங்கையால் அழிப்பார், மறுபடி எழுதுவார். தெருவில் போகிறவர்களுக்கு அவரைப் பார்த்தால் பரிதாபம்தான் வந்திருக்கும். கல்லூரித் தேர்வில் தோற்றவர். வேலை வெட்டி இல்லாதவர். பெற்றவர்களுக்குப் பாரமாக வீட்டோடு கிடக்கிறவர். ஊர் அப்படித்தானே பார்க்கும்?

அவர்தான் கணித மேதை ஸ்ரீநிவாச ராமானுஜன்!

அவருடைய பெருமையை எல்லோரும் சொல்வார்கள். ஆனால், பதினாறு வயதிலிருந்து இருபத்திரண்டு வயது வரை அவர் பட்ட பாடு நம்மில் பலருக்குத் தெரியாது. ஒரு மனிதரின் குணம் எந்த உலையில் வைத்து, எந்தச் சம்மட்டியால் அடித்து உருவாக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள அந்த ஆறேழு வருடங்களே போதும். உங்கள் வீட்டில் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளை ஒன்று இருந்தால், இந்தக் கதையை அவசியம் படியுங்கள்.

வரம் கேட்டுப் பெற்ற பிள்ளை

ராமானுஜனின் அம்மா கோமளத்தம்மாள். அப்பா குப்புசாமி ஸ்ரீநிவாச ஐயங்கார், கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் குமாஸ்தா. கல்யாணமாகிச் சில காலம் வரை குழந்தை இல்லை. கோமளத்தம்மாளின் பிறந்த வீட்டாருக்குக் குலதெய்வத்துக்கு நிகரான தெய்வம், நாமக்கல் நாமகிரித் தாயார். கோமளத்தம்மாளின் தாயார் ரங்கம்மாள் அந்தத் தாயாரிடம் அளவு கடந்த பக்தி கொண்டவர். அருள் வந்து பேசுவாராம். தன் மகளின் பிள்ளை மூலமாகவும் ஒருநாள் தாயார் பேசுவாள் என்று அவர் சொன்னதாக அந்தக் குடும்பத்தில் சொல்வார்கள்.

வேண்டுதல் பலித்தது. 1887 டிசம்பர் 22-ம் தேதி, ஈரோட்டில் இருந்த பாட்டி வீட்டில் ராமானுஜன் பிறந்தார். இரண்டு வயதில் பெரியம்மை வந்தது, பிழைத்தார். அவருக்கு அடுத்துப் பிறந்த மூன்று குழந்தைகள் கைக்குழந்தைகளாகவே இறந்துபோயின. ஒரு தாய் தன் நெஞ்சில் இருந்த அத்தனை ஆசையையும் பாசத்தையும் மிஞ்சிய ஒரே பிள்ளை மேல் கொட்டினாள் என்றால், அதில் ஆச்சரியம் என்ன? இரண்டு தம்பிகள் பிறந்ததெல்லாம் பல வருடங்களுக்குப் பிறகுதான்.

கும்பகோணத்தில் வளர்ந்த பிள்ளைக்கு, கோயில்தான் விளையாட்டுத் திடல். அம்மா சாரங்கபாணி கோயிலில் பஜனைப் பாடல்கள் பாடுவார். அதில் கிடைக்கும் சிறு தொகையும் அந்த வீட்டுக்கு உதவியது. கல்லூரி மாணவர்கள் ஓரிருவரை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டும் வருமானம் தேடினார்கள். அப்படி ஒரு குடும்பம்!

கூரையில் ஒளித்த காகிதங்கள்

சின்ன வயதிலேயே ராமானுஜனிடம் இரண்டு குணங்கள் தெரிந்தன. ஒன்று, கணக்கின் மேல் தீராத ஆசை. இன்னொன்று, சட்டென்று புண்பட்டுவிடும் மனசு.

ஒரு பரீட்சையில் கூடப் படித்த பையன் ஒருவன் கணக்கில் ராமானுஜனைவிட ஒரே ஒரு மதிப்பெண் அதிகம் வாங்கிவிட்டான். அவ்வளவுதான்! அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடிவிட்டான் சிறுவன். 1897-ல் நடந்த ஆரம்பப் பள்ளித் தேர்விலோ தஞ்சை ஜில்லாவிலேயே முதலாவதாக வந்தான். அடுத்த வருடம் கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தான்.

வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களிடம் லோனி என்பவர் எழுதிய திரிகோணமிதிப் புத்தகத்தை இரவல் வாங்கி, பதின்மூன்று வயதுக்குள் முழுவதும் கற்றுத் தேர்ந்தான். பிறகு, தானாகவே ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தான். உலகில் தனக்கு முன்னால் யாருக்குமே இது தெரியாது என்ற பூரிப்பு. சில காலம் கழித்துத்தான் தெரிந்தது... ஐரோப்பாவில் ஆய்லர் என்கிற மேதை நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே அதைச் சொல்லிவிட்டார் என்று!

வேறொரு பிள்ளையாக இருந்தால், அவ்வளவு பெரிய மேதை கண்டதை நானும் கண்டேனே என்று துள்ளிக் குதித்திருக்கும். ராமானுஜனுக்கோ அவமானமாகப் போய்விட்டது. எழுதிய காகிதங்களை வீட்டுக் கூரையில் செருகி ஒளித்துவைத்தான்.

அந்தக் காகிதங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பிள்ளை பின்னால் பெரியவரான பிறகும், மனசு அடிபட்டால் ஒளிந்துகொள்ளத்தான் இடம் தேடினார். ஆனால், கணக்கை மட்டும் ஒருநாளும் விடவில்லை.

ஒரு புத்தகம் மூட்டிய தீ

1903-ம் வருடம். நண்பர் ஒருவர் மூலமாகக் கல்லூரி நூலகத்துப் புத்தகம் ஒன்று ராமானுஜனின் கைக்கு வந்தது. கார் என்ற ஆங்கில ஆசிரியர், மாணவர்களைத் தேர்வுக்குத் தயார் செய்வதற்காகத் தொகுத்த புத்தகம். ஏறத்தாழ ஐயாயிரம் சூத்திரங்கள். பெரும்பாலானவற்றுக்கு விளக்கமே கிடையாது. முடிவு மட்டும்தான் இருக்கும்.

மற்றவர்களுக்கு அது வறண்ட பட்டியல். ராமானுஜனுக்கு ஒவ்வொரு வரியும் ஒரு புதிர்! விளக்கம் இல்லாததால், ஒவ்வொன்றையும் தானே நிறுவிப் பார்க்க வேண்டியிருந்தது. அப்படிப் பார்க்கும்போது புதிய சூத்திரங்கள் தோன்றின. அவற்றையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைக்க ஆரம்பித்தார்.

1904-ல் பள்ளிப் படிப்பு முடிந்தது. கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசு அவருக்கே கிடைத்தது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் இடமும், உபகாரச் சம்பளமும் கிடைத்தன. அம்மாவின் வேண்டுதலெல்லாம் பலித்துவிட்டது போலத்தான் இருந்தது. ஆனால், சோதனை அங்கேதான் ஆரம்பமானது!

வீட்டை விட்டு ஓடிய மகன்

கல்லூரியில் கணக்கு மட்டுமா பாடம்? ஆங்கிலம், சரித்திரம், உடலியல் என்று எல்லாமே உண்டு. ராமானுஜனோ எந்த வகுப்பில் உட்கார்ந்தாலும் கணக்கையே போட்டுக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் தேறவில்லை. உபகாரச் சம்பளம் நின்றுபோனது.

ஒரு பருவத்துக்குக் கல்லூரிக் கட்டணம் 32 ரூபாய். அப்பாவின் ஒன்றரை மாதச் சம்பளம் அது! கோமளத்தம்மாள் கல்லூரி முதல்வரிடமே போய் முறையிட்டுப் பார்த்தார். விதி விதிதான் என்று கைவிரித்துவிட்டார்கள்.

கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு வகுப்புக்குப் போனார் ராமானுஜன். பதினேழு வயதுப் பையன். ஊரே மெச்சிய பிள்ளை. இப்போது எல்லோரும் தன்னையே பார்ப்பது போல இருக்கிறது. அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. 1905 ஆகஸ்டில், வீட்டில் சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறி விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார்.

மகனைக் காணோம் என்று பெற்றவர்கள் தவித்த தவிப்பை நினைத்துப் பாருங்கள். பத்திரிகையில் அறிவிப்பு கொடுத்தார்கள். தெரிந்த ஊர்களிலெல்லாம் தேடினார்கள். எப்படியோ வீடு திரும்பினார் மகன். பெற்றவர்கள் அவரை மறுபடி படிக்க அனுப்பினார்கள்.

1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே சிங்காரவேலு முதலியார் போன்ற ஆசிரியர்கள் அவருடைய கணிதத் திறமையைக் கண்டு மகிழ்ந்து, அருகில் உட்காரவைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். ஆனால், கடுமையான வயிற்றுக்கடுப்பு வந்து ஊர் திரும்ப நேர்ந்தது. அந்த வருட இறுதியில் எஃப்.ஏ. தேர்வு எழுதினார், தோல்வி. 1907-ல் மறுபடி எழுதினார், மறுபடியும் தோல்வி. உடலியலில் சொற்ப மதிப்பெண்களே கிடைத்தன. கல்லூரிப் படிப்பு அதோடு முடிந்தது.

திண்ணையே தபோவனம்!

இனிமேல் பரீட்சை இல்லை, பட்டம் இல்லை, வேலையும் இல்லை. இந்தக் கட்டத்தில்தான் அந்தச் சந்நிதித் தெரு திண்ணை வருகிறது. காகிதம் விலை கூடிய பொருள். அதனால் கணக்கெல்லாம் சிலேட்டில். முடிவு கிடைத்ததும் அதை மட்டும் நோட்டில் எழுதுவார். துணி தேடி அழிக்கக்கூட நேரம் போய்விடும் என்று முழங்கையாலேயே அழித்து அழித்து, அந்த இடமே கறுத்துத் தடித்துப் போயிற்றாம்.

யாரும் கேட்கவில்லை, யாரும் மெச்சவில்லை. மதிப்பெண் போட ஆசிரியரும் இல்லை. இருந்தும் அந்த நோட்டுகள் பக்கம் பக்கமாக நிரம்பின. பிற்காலத்தில் உலகமே வியந்து ஆராய்ந்த நோட்டுகளின் பெரும்பகுதி, அவர் வெறுங்கையோடு நின்ற இந்த வருடங்களில் எழுதப்பட்டவைதான்.

சூத்திரங்கள் எப்படித் தோன்றுகின்றன என்று கேட்ட நண்பர்களிடம், எல்லாம் நாமகிரித் தாயாரின் அருள் என்பார். கனவில் ரத்தத் துளிகள் தெரியும். அது நரசிம்மர் வந்ததற்கு அடையாளம். பிறகு கணக்குகள் எழுதிய சுருள்கள் விரியும் என்று அவர் சொன்னதாகவும் நண்பர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் ஒன்று... தாயார் அருள்கிறாள் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை அவர். கனவில் கண்டதை விழித்ததும் சிலேட்டில் போட்டுச் சரிபார்த்தார். முழங்கை தேய்ந்தது அதனால்தான்!

1909 ஜூலையில் அவருக்குத் திருமணம் ஆயிற்று. மணப்பெண் ஜானகிக்கு அப்போது பத்து வயதுதான். அந்தக் கால வழக்கம். ஒரு கால்கட்டுப் போட்டால் பிள்ளைக்குப் பொறுப்பு வரும் என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். அதற்கடுத்த ஆண்டு ராமானுஜனுக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. கையில் பணம் இல்லை. டாக்டர் ஒருவர் கட்டணம் வாங்காமல் செய்து கொடுத்தார்.

பொறுப்பு வரத்தான் செய்தது. வேலை தேடி இறங்கினார். சென்னையில் பையன்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். பாடப் புத்தகத்தை விட்டு எங்கோ பறந்துவிடும் வாத்தியாரிடம் எந்தப் பையன் நிற்பான்? உடம்பு முடியாமல் நண்பர் ஒருவர் வீட்டில் தங்கியவர், ஊருக்குப் புறப்படும்போது தன் இரண்டு நோட்டுகளையும் அவர் கையில் ஒப்படைத்தார். தான் இறந்துபோனால், இவற்றைச் சிங்காரவேலு முதலியாரிடமோ, கிறிஸ்துவக் கல்லூரிப் பேராசிரியர் ராஸிடமோ சேர்த்துவிடும்படி கேட்டுக்கொண்டார்.

பாருங்கள்... கூரையில் காகிதத்தை ஒளித்துவைத்த அதே பிள்ளைதான்! இப்போது தன் உயிர் போனாலும் கணக்கு பிழைக்க வேண்டும் என்கிறார். வெட்கப்பட்டு மறைத்த காலம் போய், நம்பி ஒப்படைக்கும் பக்குவம் வந்துவிட்டது. தோல்விகள் அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அதுதான்.

கதவுகள் திறந்தன

1910-ல் நோட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி.ராமஸ்வாமி ஐயர். இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவியவர். தன் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை கேட்டார் ராமானுஜன். நோட்டைப் புரட்டிய ராமஸ்வாமி ஐயருக்கு, இவ்வளவு பெரிய அறிவைத் தாலுகா கச்சேரியில் ஒடுக்கிவைக்க மனம் வரவில்லை. சென்னையில் உள்ள கணித அன்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

அந்தத் தொடர்பில் கிடைத்தவர்தான் நெல்லூர் கலெக்டர் ஆர்.ராமச்சந்திர ராவ். முதலில் அவருக்கும் சந்தேகம்தான். பிறகு, மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்தே கொடுத்து ஆதரித்தார். 1911-ல் கணிதச் சங்க இதழில் ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது.

ஆனால், எத்தனை நாள் அடுத்தவர் காசில் சாப்பிடுவது? 1912 மார்ச் 1-ம் தேதி சென்னை போர்ட் டிரஸ்ட்டில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அங்கே தலைமைக் கணக்கராக இருந்த எஸ்.நாராயண ஐயரும் ஒரு கணிதப் பிரியர். இரவு வெகுநேரம் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள். போர்ட் டிரஸ்ட் தலைவர் சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங்கும் துணை நின்றார்.

நண்பர்களின் தூண்டுதலால் இங்கிலாந்துப் பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதினார். இருவரிடமிருந்து உதவி கிடைக்கவில்லை. விசாகப்பட்டினத்துக்கு ஓடிய பழைய ராமானுஜனாக இருந்தால், அதோடு சுருண்டு போயிருப்பார். இப்போது இருப்பவர் திண்ணையில் தவம் இருந்தவர் ஆயிற்றே! 1913 ஜனவரி 16-ம் தேதி, மூன்றாவதாக கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜி.எச்.ஹார்டிக்கு எழுதினார். கடிதத்தைப் பார்த்த ஹார்டியும் அவர் நண்பர் லிட்டில்வுட்டும் திகைத்துப் போனார்கள். எழுதியவர் முதல் தரமான மேதை என்று அன்றே தெரிந்துகொண்டார்கள்.

அதற்குப் பிறகு எல்லாமே மாறியது. எஃப்.ஏ. தேறாதவருக்கு, சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது!

தாயார் தந்த உத்தரவு

ஹார்டி கேம்பிரிட்ஜுக்கு அழைத்தார். அங்கேதான் பெரிய தடை. கடல் கடந்து போனால் ஆசாரம் கெட்டுவிடும், சாதிக் கட்டுப்பாட்டுக்கு விரோதம் என்று கருதிய காலம். அம்மா சம்மதிக்கவில்லை. ராமானுஜனுக்கும் மனம் ஒப்பவில்லை.

நாராயண ஐயரும் ராமானுஜனும் நாமக்கல்லுக்குப் போனார்கள் என்பது நாராயண ஐயரின் குடும்பத்தில் சொல்லப்பட்டு வரும் செய்தி. கோயிலிலேயே மூன்று இரவுகள் படுத்திருந்தார்களாம். இரண்டு இரவுகள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் இரவு, ராமானுஜன் திடுக்கிட்டு எழுந்து, தாயாரின் உத்தரவு கிடைத்துவிட்டதாகச் சொன்னாராம்.

கோமளத்தம்மாளின் கனவைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. பெரிய மண்டபம் ஒன்றில் வெள்ளைக்காரர்கள் சூழ மகன் வீற்றிருப்பதைக் கண்டார். மகனின் பாதையில் குறுக்கே நிற்காதே என்று நாமகிரித் தாயார் கட்டளையிட்டாள் என்று அவரே சொன்னாராம். எது எப்படியோ... வரம் கேட்டுப் பெற்ற பிள்ளையை, வரம் தந்தவளே வந்து கேட்டால், அந்தத் தாய் எப்படி மறுப்பாள்?

குடுமியை எடுத்தார்கள். கோட்டும் சூட்டும் மாட்டினார்கள். 1914 மார்ச் 17-ம் தேதி, நெவாசா என்ற கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டார் ராமானுஜன்.

அங்கேயும் அதே பிள்ளை

ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. சைவச் சாப்பாட்டை விடாத ராமானுஜன், தன் அறையில் தானே சமைத்துச் சாப்பிட்டார். குளிரில் நடுங்கினார். விரித்திருந்த கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பதுகூடத் தெரியாமல், மேலே படுத்திருந்தாராம். அங்கு படித்த மகலனோபிஸ்தான் சொல்லிக் கொடுத்தார்.

ஆனால், கணக்கோ வெள்ளமாகப் பெருகியது! 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது. ஹார்டியோடு சேர்ந்து அவர் செய்த ஓர் ஆய்வு, கேட்க எளிமையானது. ஐந்து லட்டுகளை எத்தனை விதமாகக் கூறு பிரிக்கலாம்? ஐந்தும் ஒரே தட்டில், நாலும் ஒன்றும், மூன்றும் இரண்டும்... இப்படி எண்ணினால் 7 விதம். பத்து லட்டு என்றால் 42 விதம். நூறு லட்டு என்றால்? 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292 விதம்! இந்த எண்ணிக்கையை ஒவ்வொன்றாக எண்ணாமல் கணக்கிடும் சூத்திரத்தைத்தான் அவர்கள் 1918-ல் உலகுக்குக் கொடுத்தார்கள்.

இத்தனை புகழுக்கு நடுவிலும், உள்ளே அந்தப் பழைய பிள்ளை அப்படியே இருந்தது. ஒருமுறை விருந்தினர்களை அறைக்கு அழைத்துத் தானே சமைத்துப் பரிமாறினார். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டவர்கள், மூன்றாவது முறை போதும் என்றார்கள். தன் சமையல் பிடிக்கவில்லை போலும் என்று நொந்துபோன ராமானுஜன், யாரிடமும் சொல்லாமல் வெளியேறி ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்விட்டார்! சில நாட்கள் கழித்துத்தான் திரும்பினார். விசாகப்பட்டின ரயில் நினைவுக்கு வருகிறது இல்லையா?

1917-ல் உடல் நலம் கெட்டது. மருத்துவமனை மாற்றி மருத்துவமனை. டிரினிட்டி கல்லூரி ஃபெலோஷிப் அந்த வருடம் மறுக்கப்பட்டது. ஊரில் மாமியாருக்கும் மருமகளுக்கும் மனஸ்தாபம். வீட்டிலிருந்து கடிதமும் சரியாக வரவில்லை. போர் காரணமாக ஊர் திரும்பவும் வழி இல்லை. 1918-ன் தொடக்கத்தில், மனம் உடைந்து லண்டன் ரயில் நிலையம் ஒன்றில் தன் உயிரையே விடத் துணிந்துவிட்டார். ஊழியர் ஒருவர் கண்டு, ரயிலை நிறுத்திக் காப்பாற்றினார். ஹார்டி ஓடி வந்து காவல்துறையினரிடம் பேசி மீட்டார்.

அதே வருடம் ராயல் சொசைட்டியின் ஃபெலோ ஆனார் ராமானுஜன். அக்டோபரில், டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோஷிப்பும் கிடைத்தது. அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. அன்று அந்த ஊழியர் மட்டும் பார்க்காமல் இருந்திருந்தால்? நினைக்கவே நெஞ்சு பதறுகிறது!

கடைசி ஓராண்டு

1919 மார்ச் மாதக் கடைசியில் தாய்நாட்டு மண்ணை மிதித்தார். கொடுமுடி, கும்பகோணம், சென்னை என்று மாறி மாறித் தங்கி வைத்தியம் பார்த்தார்கள். இருபது வயது ஜானகி இரவு பகலாகப் பணிவிடை செய்தார். உடம்பு எலும்பும் தோலுமாக ஆனபோதும் சிலேட்டும் காகிதமும் அருகிலேயே இருந்தன. 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் புதிய வகைச் சார்புகளைக் கண்டுபிடித்திருப்பதாகத் தெரிவித்தார். இன்று கருந்துளைகளை ஆராய்பவர்கள்கூட அவற்றைப் பயன்படுத்துகிறார்கள்!

இறப்பதற்கு நாலு நாள் முன்பு வரை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்று ஜானகி அம்மாள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1920 ஏப்ரல் 26-ம் தேதி அந்த விளக்கு அணைந்தது. வயது 32 மட்டுமே.

கடல் கடந்தவர் என்பதால் உறவினர்கள் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை. அன்றைக்கு 25 ரூபாய் கொடுத்து ஆதரித்த ராமச்சந்திர ராவ்தான் முன்னின்று ஏற்பாடு செய்தார். காசநோய் என்றே அப்போது கருதினார்கள். ஆனால், 1906-ல் சென்னையில் கண்ட வயிற்றுக்கடுப்பின் மிச்சம் ஈரலில் தங்கி, பின்னாளில் அவரைச் சாய்த்திருக்கலாம் என்று 1994-ல் மருத்துவர் ஒருவர் ஆராய்ந்து எழுதினார். வறுமைக் காலத்துத் துன்பங்கள் உடம்பையும் விடவில்லை. ஜானகி அம்மாள் தையல் வேலை செய்து சொந்தக் காலில் நின்று, திருவல்லிக்கேணியில் வாழ்ந்து, 1994-ல் காலமானார். ராமானுஜன் பிறந்த டிசம்பர் 22-ஐ இன்று தேசம் முழுவதும் கணித தினமாகக் கொண்டாடுகிறோம்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்காக...

கோமளத்தம்மாள் தாயாரிடம் என்னென்ன கேட்டிருப்பார்? பிள்ளை தேர்வில் தேற வேண்டும். நல்ல உத்தியோகம் கிடைக்க வேண்டும். பக்கத்திலேயே இருக்க வேண்டும். எந்தத் தாயும் கேட்பதுதானே? தாயார் இவற்றில் ஒன்றைக்கூட அப்படியே தரவில்லை. அவள் தந்தது வேறு. விழுந்தாலும் விடாத பிடிப்பைத் தந்தாள். யாருமே பார்க்காத திண்ணையிலும் தவம் செய்யும் பொறுமையைத் தந்தாள். ராமஸ்வாமி ஐயர், ராமச்சந்திர ராவ், நாராயண ஐயர், ஹார்டி என்று தக்க சமயத்தில் மனிதர்களை அனுப்பினாள். ரயில் நிலைய ஊழியரின் கண்ணாகவும் அவளே இருந்தாள் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது.

இளம் வயதில் ஏற்படும் ஆசையும் அடியும் ஒரு மனிதரை விட்டு ஒருநாளும் போவதில்லை. ராமானுஜனின் பிடிவாதமும் அங்கேதான் உருவானது. தனக்குள் ஒடுங்கிப்போகும் வேதனையும் அங்கேதான் வேர்விட்டது. ஒன்று அவரை உயர்த்தியது. இன்னொன்று இரண்டு முறை அவரைத் தொலைத்துவிடப் பார்த்தது.

ஆகவே, அன்பர்களே! பரீட்சை நேரத்தில் கோயிலுக்குப் போங்கள். பேனாவைச் சந்நிதியில் வைத்து அர்ச்சனை செய்யுங்கள். ஆனால், முடிவு வரும் நாளில் பிள்ளை தலைகுனிந்து வந்து நின்றால், திட்டித் தீர்க்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். பிள்ளை பேசாமல் ஒதுங்கிப் போனால், தனியே விட்டுவிடாமல் கூடவே இருங்கள். தட்டில் சோறு போட்டு, பக்கத்தில் உட்காருங்கள். வீட்டை விட்டு ஓடிய மகனை மறுபடியும் சேர்த்துக்கொண்டு, திண்ணையில் உட்கார இடமும் வேளைக்குச் சோறும் கொடுத்தார்களே ராமானுஜனைப் பெற்றவர்கள்... அதுவும் ஓர் ஆராதனைதான்!

நாமகிரித் தாயார் உங்கள் பிள்ளைகளுக்குக் கல்வியோடு மனத்திடத்தையும் அருளட்டும்!

தரிசிக்க...

நாமக்கல் நகரின் நடுவே ஒற்றைப் பாறையாக எழுந்து நிற்கிறது மலை. ஆஞ்சநேயர் கண்டகி நதியிலிருந்து கொண்டு வந்த சாளக்கிராமமே இங்கு மலையாக வளர்ந்தது என்பது தலபுராணம். மலையைக் குடைந்து அமைக்கப்பட்ட சந்நிதியில் நரசிம்மர் அருள்கிறார். நாமகிரித் தாயாருக்குத் தனிச் சந்நிதி உண்டு. நரசிம்மரைக் காண விரும்பிய மகாலட்சுமி இங்கு தவம் இருந்ததாகப் புராணம் கூறுகிறது. எதிரே, 18 அடி உயர ஆஞ்சநேயர் மேற்கூரை இல்லாமல், கைகூப்பி நரசிம்மரை நோக்கி நிற்கிறார். மலையின் மறுபுறத்தில் ரங்கநாதர் குடைவரைக் கோயிலும் உள்ளது. சேலத்திலிருந்தும் கரூரிலிருந்தும் பேருந்து வசதி உண்டு.

கும்பகோணத்தில் ராமானுஜன் வாழ்ந்த வீட்டை 2003-ல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கி, நினைவு இல்லமாக்கியது. சாரங்கபாணியைச் சேவித்த கையோடு, பிள்ளைகளையும் அங்கே அழைத்துப் போய் அந்தத் திண்ணையைக் காட்டுங்கள்.